எங்கிட்ட ஓடுதுங்களே

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஆறு பேரை வளர்த்தேன். நாலு நான் பெற்றது. இரண்டு, என் கொழுந்தனாரும் அவர் பெண்டாட்டியும் பெற்று என்னிடம் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தது. ஆறில் ஒன்றுகூட ஊருக்கு முன்னால் வாயடைத்து நின்றதில்லை. கொஞ்சம் அதிகமாகவே பேசும் என்று சொல்கிறவர்களும் உண்டு. சொல்லட்டும். நான் எழுத வந்திருப்பது அப்படி வளராத ஒருவனைப் பற்றி.

அவன் பெயரை எழுதமாட்டேன். அவன் அம்மா இன்னும் இருக்கிறாள், வருத்தப்படுவாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு வேலிதான் இருந்தது, நீலகிரியில், பிக்கட்டிக்குப் போகிற பாதையில். அவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவன். தேயிலை விலை விழுந்த அதே காலத்தில் அந்தக் கம்பெனியும் விழுந்தது. இங்கே ஃபேக்டரிக்காரர்கள் பச்சை இலை வேண்டாமென்று வாரத்தில் பாதி நாள் கதவைச் சாத்தினார்கள். அங்கே அவனை வெளியே விட்டுக் கதவையே சாத்திவிட்டார்கள். இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினான். ஒன்றில் துணி, மற்றதில் கம்ப்யூட்டர்.

முதலில் அந்த மோட்டார் சைக்கிளைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால் ஆள் பாதி விளங்கிவிடும்.

மஞ்சூரில் யாரிடமோ பழைய வண்டி ஒன்றை வாங்கி, வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். காலையில் எழுந்ததும் அதை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி ஸ்டார்ட் செய்வான். பின்சக்கரம் காற்றில் சுற்றும். புகை என் சமையலறைக்கு வரும்.

"பெரியம்மா, பாருங்க. பஞ்சாட்டம் ஓடுது."

"எங்கப்பா ஓடுது? நின்ன எடத்துலதான நிக்குது."

"பிரேக்கு மட்டும் கொஞ்சம் பாக்கோணுங்க. பாத்துட்டு ரோட்டுல எறக்கிரலாம்."

அந்த வண்டிக்குப் பெட்ரோல் வாங்க அவன் பஸ்ஸில் போய் வருவான். கேனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். கண்டக்டர், "என்னங்க, வண்டிக்குத் தீனியா?" என்று கேட்பாராம். இவனும் ஆமாங்க என்பானாம்.

வண்டிதான் அப்படி என்றில்லை. அவன் வீட்டுக்குள் எல்லாமே நன்றாக ஓடும். பாட்டு நன்றாகப் பாடுவான். வேலிக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டால் கையிலிருக்கிற வேலை நின்றுபோகும். கோயிலில் பஜனைக்குக் கூப்பிட்டார்கள். தாளத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, தொண்டை கட்டிவிட்டது என்று கையைக் காட்டினான். இலை எடுக்கிற ஏஜெண்டு ஈர எடை என்று சொல்லி எல்லோர் மூட்டையிலும் கழித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் மாலை இவன் தன் வாசலில் நடந்துகொண்டே அந்த ஏஜெண்டை வாங்கு வாங்கென்று வாங்கினான். ஆள் இல்லாமலே. அப்படியொரு நியாயம், அப்படியொரு கோர்வை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய் வேடிக்கை பார்த்தேன். மறுநாள் இலை ஷெட்டில், அவன் அம்மாவின் மூட்டையில் ஏஜெண்டு தாராளமாகக் கழித்தார். இவன் பக்கத்தில் நின்று, "சரிங்க" என்றான்.

திரும்பி நடக்கும்போது கேட்டேன். "ஏஞ்சாமி, நேத்து அந்தக் கிழி கிழிச்சியே, அதெல்லாம் எங்க போச்சு?"

அவன் நிஜமாகவே யோசித்தான். "தெரியலீங்க பெரியம்மா. எங்கிட்ட ஓடுதுங்களே."

இதுதான் அவன் வாய்ப்பாடு. கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதாம். ஒருவன் செய்தது இன்னொருவன் மெஷினில் நின்றுபோனால், என் மெஷினில் ஓடுகிறதே என்பார்களாம். இவன் அதை வாழ்க்கைக்கே வைத்துக்கொண்டான்.

இனி தேயிலைக்கு வருகிறேன். ஃபேக்டரி சாத்தியிருந்த நாட்களில் செடியில் கொழுந்து சும்மா முற்றிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுக்காது. பறித்துவந்து பாயில் பரப்பி வாட விடுவேன். வாடியதும் உள்ளங்கையில் போட்டுக் கசக்கி, ஈரத்துணியால் மூடி, நிறம் திரும்பியதும் இரும்புச்சட்டியில் இளஞ்சூட்டில் வறட்டி எடுப்பேன். வீட்டுக்குக் குடிக்கத்தான். இவன் ஒருநாள் அதைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

என் மூத்தவன் வேறு கணக்கில் இருந்தான். சுற்றிலும் எல்லோரும் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஏம்மா, எதுக்கு இதைக் கட்டிட்டு அழுவறீங்க. புடுங்கிப் போட்டுட்டுக் கேரட் வெச்சா மூணு மாசத்துல கைக்கு வருது" என்றான். அந்தச் செடிகளை நட்டது நான். மூத்தவன் வயிற்றில் இருக்கும்போதே நாற்று சுமந்தேன். அவனுக்கு முன்னால் வேர்விட்டவை அவை. "என்ற டீய வாங்கறதுக்கு ஆளு கெடைச்சுட்டா செடி மேல கை வெக்கக் கூடாது" என்றேன். "இந்த மழை முடியட்டும். அதுக்குள்ள ஆளு கெடைச்சா நான் வாயே தொறக்கறதில்ல. கெடைக்கலீன்னா ஆளுகளக் கூட்டியாந்துருவேன்" என்றான். என் மகன், சொன்னால் செய்வான். நான் வளர்த்தவன் இல்லையா.

அப்போது பக்கத்து வீட்டுக்காரன் இவன்தான் வழி சொன்னான். கம்ப்யூட்டரில் ஒரு கடை போடலாம், உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம், வாங்கலாம் என்றான். போடு என்றேன். அன்றிலிருந்து மழை முடிகிற மட்டும் என் அடுப்படியில் டீ குடித்துக்கொண்டே கடை போடுகிற விதத்தை எனக்கு விளக்கினான். படிப்பு மூன்றாம் வகுப்பு என்றாலும் எனக்குக் காது நன்றாகவே வேலை செய்யும்.

முதலில் ஜாவா என்று ஒன்றை மெஷினுக்குள் ஏற்ற வேண்டுமாம். ஏற்றினால் போதாது. ஏற்றியது எங்கே இருக்கிறது என்று அந்த மெஷினுக்கே வழி சொல்லவேண்டுமாம்.

"அதுக்குள்ளதானப்பா இருக்குது. அதுக்கே தெரியாதா?"

"தெரியாதுங்க பெரியம்மா. நாமதான் காட்டோணும்."

என் மூத்த மருமகனும் அப்படித்தான். தன் அலமாரியில் இருக்கிற வேட்டியை என் மகள்தான் காட்டவேண்டும். ஆகையால் இது எனக்குப் புரிந்தது. அடுத்தது சர்வர். ஓட்டல் சர்வர் போலவேதான், யாராவது வந்து கேட்டால்தான் உள்ளேயிருந்து எடுத்துவந்து வைக்கும். அதற்கென்று அறைக்குள் அறையாக, பெயர் பிசகாமல் இடம் கட்டவேண்டும். ஓரெழுத்து மாறினாலும் அந்த அறை அதன் கண்ணுக்குத் தெரியாது.

அதற்கப்புறம்தான் பக்கம். அதில் ஒரு தந்திரம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் எல்லாம் அச்சடித்துவிட்டு, கூப்பிடுகிறவர் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள் இல்லையா, அதுபோல. வார்ப்புப் பக்கம் ஒன்றுதான். வருகிறவர் பெயர், டீயின் பெயர், விளைந்த இடம் எல்லாவற்றுக்கும் வெறும் கட்டம். யாராவது கேட்கும்போது, உள்ளே சர்வரிலேயே கட்டத்தை நிரப்பி, முழுப்பக்கமாக வெளியே அனுப்பும். பார்க்கிறவருக்குத் தனக்கென்றே அச்சடித்தது போலிருக்கும். எல்லாப் பக்கத்துக்கும் தலையில் மலைப்படம் போட்ட ஒரு பட்டை, காலில் ஒரு பட்டை. அதை ஒருமுறை செய்துவைத்தால் போதும், எல்லாவற்றிலும் தானே ஒட்டிக்கொள்ளும். இதையெல்லாம் அவன் சொல்லும்போது முகத்தில் ஒரு களை வரும். வேலை தெரிந்தவன்தான். அதில் நான் குறை சொல்லமாட்டேன்.

முதல் தடவை காட்டியபோது டீ ஒவ்வொன்றுக்கும் நேராக, விளைவித்தவர் இடத்தில், 'நல்' என்று ஓர் இங்கிலீஷ் சொல் இருந்தது, அவன்தான் வாசித்துக் காட்டினான்.

"யாருப்பா அது நல்லு? நம்மூர்ல அப்படி யாருமே இல்லியே. எல்லா டீயும் அவனுதாட்டம் இருக்குது."

"ஆளு இல்லீங்க பெரியம்மா. நல்லுன்னா ஒண்ணுமில்லேன்னு அர்த்தமுங்க. கட்டத்துல போட ஒண்ணுங் கெடைக்கலீன்னா அது அப்படித்தான் சொல்லும்."

"ஒண்ணும் இல்லாதவனுக்கு இத்தனை தோட்டமா?"

அதைச் சரிசெய்தான். பெயர்களையெல்லாம் தனியாக ஒரு ஃபிளாப்பித் தட்டில் எழுதி, அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி வைத்தான். பக்கம் அழகாகத்தான் இருந்தது. திறந்ததும் என் பெயருக்கு முன்னால் 'திருமதி' போட்டு வணக்கம் சொல்லும். என் மருமகள்கள் இருவரும் இன்றுவரை அப்படிச் சொன்னதில்லை. நான் தினமும் ஒருதரம் போய் அந்த வணக்கத்தை வாங்கிக்கொண்டு வருவேன்.

"எப்பப்பா வெளிய விடுவே?"

"ரெண்டு சின்ன வேலை இருக்குதுங்க. முடிச்சதும் விட்டுரலாம்."

எழுத்தின் நிறத்தை மாற்றுவான். பட்டையைக் கொஞ்சம் ஏற்றுவான், இறக்குவான். ஒவ்வொன்றுக்கும் சர்வரை நிறுத்தி மறுபடி எழுப்புவான். மறுநாளும் ரெண்டு சின்ன வேலை இருக்கும். மழை பாட்டுக்குப் பெய்துகொண்டிருந்தது. என் மூத்தவன் கேரட் விதை வாங்கி வீட்டில் வைத்துவிட்டான், என் கண்ணில் படுகிற மாதிரி.

அந்த மழையில்தான் பாதையில் கற்பூர மரம் ஒன்று விழுந்து கார்கள் நின்றன. ஒரு காரிலிருந்த அம்மாள் நனைந்துகொண்டே என் வீட்டுக்கு ஏறி வந்தாள். கோயம்புத்தூரில் கடை வைத்திருக்கிறவள். டீ கொடுத்தேன். இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தாள். எங்கே வாங்கியது என்றாள். கையைக் காட்டினேன்.

"எங்க கடைக்கு வேணுங்களே அம்மா. ஆனா எங்க ஊட்டுக்காரர் சரீங்கோணும். அவரு டீ குடிக்கமாட்டாருங்க, காப்பிதான். யாரு, எந்த ஊரு, எந்தத் தோட்டம்னு கம்ப்யூட்டர்ல பாத்தாத்தான் நம்புவாரு. உங்களுக்கு அந்த மாதிரி ஏதாச்சும் இருக்குங்களா?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இல்லாமென்ன. இருக்குதுங்க."

அவன் வீட்டுக்குக் கூட்டிப்போனால் ஆள் மறுபடியும் நனைந்துவிடும் என்று, விலாசத்தை நானே எழுதிக் கொடுத்தேன். இங்கிலீஷ் தெரியாது. ஆனால் தினமும் வணக்கம் வாங்கப் போகிறவள் அல்லவா, பக்கத்துக்கு மேலே இருக்கிற அந்த வரியைக் கோலம் போடுகிற மாதிரி ஒரு கோடு விடாமல் மனதில் வைத்திருந்தேன். புள்ளி, கோடு, கடைசியில் வருகிற எண் வரைக்கும் வரைந்து கொடுத்தேன். அந்நேரம் பார்த்து அவன் படியேறி வந்தான். காகிதத்தைப் பார்த்தான். வாயைத் திறந்தான். அந்த அம்மாள், "இதுதானுங்களே தம்பி?" என்றாள். வாயை மூடிக்கொண்டு, ஏதோ தலையை அசைத்தான். மரத்தை அறுத்துத் தள்ளியதும் கார் போய்விட்டது.

இரண்டொரு நாளில், ரோட்டு வளைவில் இருக்கிற கடைக்கு, நான் கொடுத்திருந்த நம்பருக்கு, போன் வந்தது. ஓடிப்போய் எடுத்தேன்.

"அம்மா, நீங்க குடுத்ததுல ஒண்ணுமே வரலீங்க. எங்க ஊட்டுக்காரர், இது வெளையாட்டாங்கறாரு. அவரு சனிக்கிழமை வரைக்குந்தான் ஊர்ல இருப்பாரு. அதுக்குள்ள ஏதாச்சும் பண்ண முடியுங்களா?"

நேராக அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். பக்கம் திறந்திருந்தது. எனக்கு வணக்கம் சொன்னது.

"அங்க வரலியாம்."

"எங்கிட்ட ஓடுதுங்களே பெரியம்மா."

அப்புறம் பிடித்து உலுக்கியதில் விஷயம் வெளியே வந்தது. அந்த விலாசத்துக்கு, இந்த மெஷின் இருக்கிற இதே வீடு என்றுதான் அர்த்தமாம். யார் எங்கே அடித்தாலும் அது அவரவர் மெஷினுக்குள்ளேயே தேடுமாம். ஆக, உங்கள் வீட்டிலேயே தேடிக்கொள்ளுங்கள் என்று நான் கோயம்புத்தூர்க்காரிக்கு அழகாக வரைந்து கொடுத்திருக்கிறேன். வெளியே விடவேண்டுமானால் வேறொரு இடத்தில் ஏற்றவேண்டும், அதை அவன் இன்னும் செய்யவே இல்லை.

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா?"

"அவங்க கேட்டாங்களா, அதுல..." என்று நிறுத்திவிட்டான்.

"இப்ப ஏத்து."

"ரெண்டு சின்ன..." என்று ஆரம்பித்தான். என் முகத்தைப் பார்த்து அதையும் நிறுத்தினான்.

எனக்கு ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. அந்தக் கடை அந்த மெஷினில்தான் திறக்கும். அப்படியென்றால் மெஷின் கோயம்புத்தூர் போகவேண்டும்.

"அய்யோ, ஆடுனா உள்ள எல்லாம் போயிருமுங்க."

"கம்பளியில சுத்தறேன். ஆறு புள்ளைகளச் சுத்துன கம்பளி."

மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிற கேரட் லாரிதான் கிடைத்தது. என் மூத்தவனின் சிநேகிதன் லாரி. வேறு எந்த லாரியும் அன்றைக்கு இல்லை, என் நேரம். டிவி மாதிரி இருக்கிற அதன் முகத்தை நான் மடியில் வைத்துக்கொண்டேன். மூளைப் பெட்டியை அவன் முழங்கால்களுக்கு நடுவில், அடைக்கு உட்காரப்போகிற கோழியைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டான்.

"ஏனுங்க ஆத்தா, டிவி ரிப்பேருங்களா?" என்றான் டிரைவர்.

"இல்லப்பா. இதுக்குள்ள என்ற கடை இருக்குது."

டிரைவர் கியரைப் போட்டான். மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, கடை போய்ச் சேரும்போது எனக்கு வேர்த்துக் கொட்டியது. அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, கையில் காப்பித் தம்ளரோடு எங்களைப் பார்த்தார். கல்லாப் பக்கத்தில் இடம் ஒழித்துக் கொடுத்தார்கள். கடைப் பையன்கள், சாமான் வாங்க வந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்றுவிட்டார்கள். இவன் ஒயரை ஒவ்வொன்றாக மாட்டினான். கறுப்புத் திரையில் எழுத்து எழுத்தாக ஓடி நின்றது.

பக்கம் வந்தது. தலையில் மலை, காலில் பட்டை, நடுவில் கட்டம் கட்டமாக. கட்டங்களுக்குள் ஒன்றுமே இல்லை. கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது, மாப்பிள்ளை பெயர் இல்லை, பெண் பெயர் இல்லை, மண்டபமும் இல்லை.

"என்னங்க தம்பி, எல்லாம் காலியா இருக்குது?" என்றார் கடைக்காரர்.

"எங்கிட்ட ஓடுச்சுங்களே" என்றான் இவன்.

"பெட்டியத் தூக்கியாந்தாச்சு. இன்னும் எதைத் தூக்கியாரது, உங்க ஊட்டையா?" என்றேன்.

சட்டைப்பையைத் தொட்டான். பெயர்கள் இருந்த ஃபிளாப்பித் தட்டு வழியில் தொலைந்துவிடக் கூடாதென்று அதை வீட்டிலேயே மேசைமேல் பத்திரமாக வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

கடைக்காரர் தம்ளரைக் கீழே வைத்தார். "சரிங்கம்மா. இன்னொரு நாளைக்குப் பாக்கலாம்." இன்னொரு நாள் என்றால் என் செடி இருந்த இடத்தில் கேரட் இருக்கும். கடைப்பையன் உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, எந்தக் கட்டத்துல என்ன வரோணும்னு நீங்க வாசிங்க. நான் சொல்றேன். தம்பி, நீ அடி."

"இங்கயேங்களா பெரியம்மா? இத்தனை பேருக்கு முன்னாலயா?"

"இல்ல, இதையும் ஊட்டுக்குப் போயி அடிச்சுட்டு வா. அடி சாமி."

கடைக்காரர் வாசித்தார். "டீயோட பேரு?"

வீட்டில் இவன் ஏதோ தென்றல், சாரல் என்று வைத்திருந்தான். எனக்குப் பிடிக்காது. "கைத்தேயிலைன்னு போடு."

"வெளைஞ்ச எடம்?"

"என்ற ஊட்டுக்குப் பொறத்தால."

"பறிச்சது?"

"நானு."

"கசக்குனது?"

"இந்தக் கைதான். நகத்துல கறை பாருங்க."

"தரம் பாக்கறது யாருங்க?"

"மூத்த மருமக. அவ எதையும் நல்லாருக்குன்னு சொன்னதில்ல. பேசாமக் குடிச்சா நல்லாருக்குதுன்னு அர்த்தம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தார். இவன் தலைநிமிராமல் அடித்தான். முதலில் ஓரெழுத்துக்கு ஓரெழுத்து தடுமாறினான். போகப்போகக் கை ஓடியது. அடித்து முடித்து, சர்வரை நிறுத்தி மறுபடி எழுப்பினான். கட்டங்கள் நிரம்பிய பக்கம் வந்தது. ஊரான் வீட்டில், ஊரார் முன்னால், அவன் ஒன்றை ஓடவைத்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். காதெல்லாம் சிவந்திருந்தது.

கடைக்காரர் முழுவதையும் படித்தார். அப்புறம் தன் மனைவியிடம், "அதுல ஒரு தம்ளர் போடு" என்றார். குடித்தார். "காப்பி மாதிரி இல்ல" என்றார். மறுபடியும் குடித்தார். "மாசாமாசம் அனுப்பிருங்கம்மா."

அவர் கேட்ட அளவுக்கு என் தோட்டத்தின் மேல் பாதி, மேல்காடு, மட்டும் போதும். கீழ்க்காட்டை நானே விட்டுக்கொடுத்தேன், மூத்தவன் கேரட்டுக்கு எடுத்துக்கொண்டான். அவன் பேச்சில் அவன் நின்றான், மேல்காட்டில் இன்றுவரை கை வைக்கவில்லை. கேரட் நன்றாகத்தான் வந்தது. அதை அவனிடம் சொல்லமாட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவன், "பாத்தீங்களா பெரியம்மா, ஓடுச்சு" என்றான்.

"ஓடுச்சு, ஓடுச்சு. தள்ளி உட்டது நானு" என்றேன். ஊர் வரும்வரை அவன் சிரித்துக்கொண்டே வந்தான். மறுநாள் காலையில் வாசலில் பின்சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டது.

அந்தப் பக்கம் கடைசிவரை வெளியே வரவில்லை. கடைக்காரர் கேட்டுக்கொண்டேயிருந்தார், இவனுக்கு ரெண்டு சின்ன வேலை இருந்துகொண்டேயிருந்தது. பிறகு பெங்களூரிலிருந்து மறுபடியும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனான். போகும்போது வண்டிச் சாவியை என் கையில் கொடுத்து, தினமும் ஒருதரம் ஸ்டார்ட் மட்டும் பண்ணிவிடுங்கள் என்றான். நான் அதைப் பால்காரனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் அன்றைக்கே ரோட்டில் இறக்கினான். பிரேக் நன்றாகவே பிடித்ததாம்.

இதை எழுத ஆரம்பித்து வெகு நாளாயிற்று. எழுதியதை அடுப்படியில் உட்கார்ந்து எனக்கு நானே வாசித்துக்கொள்வேன். நன்றாகத்தான் இருக்கும். இங்கே ஒரு சொல்லை எடுப்பேன், அங்கே ஒன்றை வைப்பேன், மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிடுவேன். இன்றைக்கு மழை விட்டிருக்கிறது, வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள், பேத்தியும் வந்திருக்கிறாள்.

"கண்ணு, இந்தா. வாசல்ல எல்லாரும் உக்காந்திருக்காங்கல்ல, அங்க போயி நின்னு சத்தமா வாசி. எங்கிட்ட ஓடுது. அங்க ஓடுதான்னு பாக்கோணும்."